சங்கத்தின் ஏடு யார் கையில் இருந்தது?

எழுத்தாணி:

எல்லோருக்கும் வணக்கம். சில வாரங்களாக நிசேயா சங்கத்தின் (கி.பி. 325-ல் திருச்சபை ஆயர்கள் கூடிய பேரவை) விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். நிசேயா என்றதும் கிறிஸ்து தந்தைக்குச் சமமானவர் அல்லர் என்று போதித்த ஆரியுஸ் விவகாரமும் விசுவாச அறிக்கையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சங்கம் போட்ட 20 விதிகளில் பாதிக்கு மேல் குருமாரை ஆளுவது பற்றியவை. ஆயரை அந்த மாகாணத்து ஆயர்கள் எல்லோரும் சேர்ந்து நியமிக்க வேண்டும், முடியாவிட்டால் மூன்று பேராவது நேரில் வர வேண்டும், வராதவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்கிறது 4-ம் விதி. மாகாணச் சங்கம் ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும் என்பது 5-ம் விதி. ஊர்விட்டு ஊர் மாறக் கூடாது என்பது 15. வட்டிக்குக் கொடுக்கும் குருவைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்பது 17. திருத்தொண்டர்கள் (டீக்கன்கள்) குருக்களுக்கு நற்கருணை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 18-ல் வருகிறது. அது அப்போது எங்கோ நடந்துகொண்டிருந்தது என்று அந்த விதியே சொல்கிறது.

என் சிக்கல் இதுதான். விதிகள் கிடைத்திருக்கின்றன, அறிக்கை கிடைத்திருக்கிறது, சங்கம் எழுதிய கடிதமும் இருக்கிறது. ஆனால் உள்ளே யார் என்ன பேசினார்கள் என்ற நடவடிக்கைக் குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. எத்தனை ஆயர்கள் வந்தார்கள் என்பதிலேயே ஒருமித்த பேச்சு கிடையாது. அங்கே இருந்த செசரியா யூசேபியஸ் 250-க்கு மேல் என்கிறார். மரபில் நிலைத்த எண் 318. ஆதியாகமம் 14-ல் ஆபிரகாம் கூட்டிக்கொண்டு போன ஆட்களின் எண்ணிக்கையும் அதுவேதான். அப்படியிருக்க, வெறும் விதிப் பட்டியலை வைத்து அந்தக் காலத்துக் குருமார் எப்படி இருந்தார்கள் என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்?


வடகரை:

நல்ல கேள்வி எழுத்தாணி. நான் கையாளும் வழி ஒன்று உண்டு. ஒரே விதி எத்தனை முறை திரும்ப வருகிறது என்று பார்ப்பேன்.

நீங்கள் சொன்ன 5-ம் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை கூடுங்கள் என்று 325-ல் சொன்னார்கள். 451-ல் கால்செதோன் சங்கத்தின் 19-ம் விதி, மாகாணங்களில் சங்கம் கூடுவதே இல்லை என்று கேள்விப்படுகிறோம், அதனால் திருத்த வேண்டிய பல காரியங்கள் அப்படியே கிடக்கின்றன என்று வருத்தப்பட்டு, மறுபடி இருமுறை என்கிறது. 692-ல் துருல்லோ சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது போதும் என்று இறங்கி வருகிறது. 787-ல் இரண்டாம் நிசேயா அதையே திரும்பச் சொல்கிறது. மேற்கில் 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒன்று என்கிறது. 1563-ல் திரெந்து சங்கம் மாகாணச் சங்கத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கிவிட்டது.

ஆண்டுக்கு இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒன்று. 1,200 ஆண்டுகளில் விதி படிப்படியாக இறங்கியிருக்கிறது. நடைமுறை எங்கே இருந்தது என்று காட்ட இந்த இறக்கமே போதும் என்பது என் கட்சி. ஒருவர் செய்யாததைத்தான் செய்யச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.


குறிஞ்சி:

வடகரை ஐயா, உங்கள் பட்டியல் அருமை. ஆனால் முடிவோடு முழுசாக ஒத்துப்போக என்னால் முடியவில்லை.

பழைய சங்கத்தின் விதியைப் புதிய சங்கம் திரும்பச் சொல்வது ஒரு மரபு. முன்னோர் வைத்த வரப்பில் நாங்களும் நிற்கிறோம் என்று காட்டும் செயல் அது. எல்லா விதியும் உடனடிப் புகாரிலிருந்து பிறந்தது என்று எடுத்துக்கொண்டால், குருமாரின் வரலாறு முழுக்கக் குற்றப்பட்டியலாகத்தான் தெரியும். கால்செதோன் 19 விதிவிலக்கு. அங்கே "கேள்விப்படுகிறோம்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் காரணம் சொல்லாத விதிகளில் நாம் ஊகிக்கத்தான் செய்கிறோம்.

விதிக்கு வெளியே சான்று இருந்தால் மட்டும் நான் நம்புவேன். 15-ம் விதிக்கு அப்படி ஒன்று இருக்கிறது. நிக்கொமேதியா யூசேபியஸ் (செசரியா யூசேபியஸ் வேறு, இவர் வேறு) முதலில் பெய்ரூட் ஆயர். அங்கிருந்து நிக்கொமேதியாவுக்கு மாறியவர். இடம் மாறக் கூடாது என்று விதி போட்ட நிசேயாவில் அவரும் உட்கார்ந்திருந்தார். பிற்பாடு கான்ஸ்டான்டிநோபிளுக்கும் மாறினார். அதே விதியை 381-ல் நாசியான்சு கிரகோரியார் மீது எடுத்து வீசினார்கள். சசிமா ஆயராக நியமிக்கப்பட்டவர் கான்ஸ்டான்டிநோபிளில் எப்படி உட்காரலாம் என்று. அவர் பதவியை விட்டு விலகினார். செத்துப்போய் நெடுநாளான சட்டம் என்று அதைப் பற்றித் தன் வாழ்க்கைக் கவிதையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஒரே விதி ஒருவருக்குப் பொருந்தவில்லை, இன்னொருவரைக் கீழே இறக்கியது. இது விதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் தெரியுமா?

சரியான சான்று வேண்டும் என்றால் விசாரணைப் பயணக் குறிப்புகளைப் பாருங்கள். ரூவான் பேராயர் யூத் ரிகோ, பிரான்சிஸ்கன் துறவி, 1248 முதல் 1269 வரை நார்மண்டியில் பங்கு பங்காக, மடம் மடமாகப் போய்ப் பார்த்ததை நாள்வாரியாக எழுதி வைத்தார். எந்த ஊர்க் குரு மீது பெண் தொடர்புப் புகார், யார் குடிக்கிறார், யார் சூதாடுகிறார், யார் வியாபாரம் செய்கிறார், எந்த மடத்தில் எவ்வளவு கடன் என்று இருக்கிறது. திருத்திக்கொள்ளாவிட்டால் பங்கை விட்டுப் போகிறேன் என்று குருக்களிடம் வாங்கிய எழுத்தும் உண்டு. அந்த ஏடு இன்று பாரிசில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நான்காம் லாத்தரன் முடிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. விதியையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.


மூப்பர்மகன்:

இதில் எனக்குப் படிப்பு குறைவு. ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் சபைக் கமிட்டியில் ஆறு வருடமாக மினிட்ஸ் எழுதுகிறவன் நான். ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுகிறேன் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் ஒரு கதை, "எதிர்ப்பு தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினால் வேறு கதை. அந்தப் பெரிய சங்கங்களில் மினிட்ஸ் எழுதியது யார்? அவர் யாருடைய ஆள்?


எழுத்தாணி:

மூப்பர்மகன், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

449 ஆகஸ்டில் எபேசுவில் ஒரு சங்கம் கூடியது. தலைமை அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோரஸ். கான்ஸ்டான்டிநோபிள் பேராயர் பிளாவியனை அங்கே பதவி நீக்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 451-ல், கால்செதோனில் புனித யூபேமியா கோயிலில் நூற்றுக்கணக்கான ஆயர்கள் கூடியபோது, எபேசு சங்கத்தின் குறிப்புகளை எடுத்து வரிவரியாகச் சத்தம் போட்டு வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க, எபேசுவில் இருந்த ஆயர்கள் எழுந்து, "நாங்கள் இப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வைத்தார்கள் என்கிறார்கள்.

எபேசு ஆயர் ஸ்தேவான் சொன்னதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அவருடைய எழுத்தர்கள் இரண்டு பேர் சங்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்களாம். தியோஸ்கோரஸின் எழுத்தர்கள் வந்து அவர்கள் பலகைகளில் எழுதியிருந்ததை அழித்து, எழுதுகோல் கூட்டைப் பிடுங்குகிற பிடுங்கில் விரல்களே உடையப் பார்த்தன என்கிறார். சங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, தங்களுடையதைத் தவிர வேறு ஏடு இருக்கக் கூடாது என்று கை வைத்திருக்கிறார்கள்.

கால்செதோன் குறிப்புகளுக்குள் எபேசு 449-ன் குறிப்பு இருக்கிறது. அதற்குள் பிளாவியன் 448-ல் கான்ஸ்டான்டிநோபிளில் நடத்திய விசாரணையின் குறிப்பு இருக்கிறது. பெட்டிக்குள் பெட்டி. ஒவ்வொன்றிலும் முந்தியதை யாரோ மறுக்கிறார்கள்.


கிழக்குவாசல்:

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம் நண்பர்களே. கால்செதோனை ஏற்காத சபைகள் இன்றும் இருக்கின்றன. கோப்திக், சிரியன் ஆர்த்தடாக்ஸ், அர்மேனியன் மரபுகள். அவர்களுக்குத் தியோஸ்கோரஸ் வில்லன் கிடையாது, புனிதர்.

ஸ்தேவான் சொன்னதை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அவர் எந்த நிலைமையில் சொன்னார்? அரசியல் காற்று திரும்பிவிட்டது. எபேசுவில் கையெழுத்துப் போட்ட ஆயர்கள் இப்போது தங்கள் ஆசனத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். "வற்புறுத்தினார்கள்" என்பதைத் தவிர அவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்? தியோஸ்கோரஸும் பதில் சொன்னார். என் எழுத்தர்கள் மட்டுமா எழுதினார்கள், எருசலேம் யுவேனாலின் எழுத்தரும் செசரியா தலாசியுசின் எழுத்தரும் எழுதவில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வியும் அதே ஏட்டில்தான் பதிவாகியிருக்கிறது. அவருடைய எதிரிகள் வைத்த ஏடு அவருடைய வாதத்தையும் விடாமல் வைத்திருக்கிறது. அதற்காகவே கால்செதோன் குறிப்புகள் மீது எனக்கு மரியாதை உண்டு.

மூப்பர்மகன் கேள்விக்கு நேரடிப் பதிலும் ஒன்று இருக்கிறது. 448 விசாரணைக் குறிப்பு திரிக்கப்பட்டது என்று, அங்கே விசாரிக்கப்பட்ட துறவி எயூத்திக்கஸ் புகார் கொடுத்ததால், 449 ஏப்ரலில் அந்தக் குறிப்பை எழுதிய எழுத்தர்களையே கூப்பிட்டு விசாரித்தார்கள். அதில் ஏத்தியுஸ் என்ற எழுத்தர் மனம் திறந்து சொல்கிறார்: இத்தகைய கூட்டங்களில் ஓர் ஆயர் ஒன்றைச் சொல்வார், அதை எல்லோரும் சொன்னதாக நாங்கள் எழுதுவோம், ஒருவர் பேசினால் "திருச்சங்கம் சொன்னது" என்று போடுவோம், இது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று. பொய் எழுதினேன் என்று அவர் சொல்லவில்லை. வழக்கப்படி எழுதினேன் என்கிறார். இதைப் படித்ததிலிருந்து எந்தப் பழைய சங்கத்திலும் "சங்கம் ஒருமனதாகச் சொன்னது" என்று பார்த்தால் நான் அந்த வரியில் நின்றுவிடுகிறேன்.


மூப்பர்மகன்:

ஏத்தியுஸ் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நான் இன்றுவரை செய்வதும் அதுதான். "கமிட்டி தீர்மானித்தது" என்று எழுதுகிறேன். உண்மையில் மூன்று பேர் பேசியிருப்பார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இதைத் தடுக்க யாராவது வழி கண்டார்களா?


குறிஞ்சி:

கண்டார்கள். எபேசுவுக்கு 38 ஆண்டு முன்னமே.

411 ஜூனில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கத்தோலிக்க ஆயர்களும், அவர்களிடமிருந்து பிரிந்து தனிச் சபையாக நின்ற தொனாத்து கட்சி ஆயர்களும் நேருக்கு நேர் கூடினார்கள். இரண்டு பக்கமும் 280-க்கு மேல். ஒரே ஊருக்கு இரண்டு ஆயர்கள் இருந்த காலம் அது. பேரரசர் அனுப்பிய அதிகாரி மார்செல்லினுஸ் நடுவர். இரு தரப்பும் ஒருவரையொருவர் துளியும் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைதான் ஒரு நல்ல ஏற்பாட்டைப் பெற்றது. பேச ஒவ்வொரு தரப்புக்கும் 7 பேர், ஆலோசனை சொல்ல 7 பேர், குறிப்பேட்டைக் காவல் காக்க மட்டும் 4 பேர்! அரசு எழுத்தர்களோடு இரு தரப்பு எழுத்தர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். பேசியவர் தன் பேச்சைப் படித்துப் பார்த்துத் தன் கையாலேயே சரி என்று ஒப்பமிட வேண்டும். "சங்கம் சொன்னது" என்று யாரும் பூசி மெழுக வழியில்லை.

கையெழுத்துப் பட்டியலையும் விடவில்லை. பெயர் வாசிக்க வாசிக்க ஆயர் முன்னே வர வேண்டும். எதிர்த் தரப்பில் அதே ஊர் ஆயர் எழுந்து "அவரை அறிவேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு தொனாத்து ஆயரின் பெயரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. வழியிலேயே இறந்துவிட்டார் என்றார்கள். அப்படியானால் கையெழுத்து எப்படி வந்தது என்று எழுந்த கேள்வியும் அப்படியே பதிவில் இருக்கிறது. தொனாத்து ஆயர்கள் உட்காரவே மறுத்ததும் இருக்கிறது. வீணரோடே நான் உட்காரவில்லை என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி நின்றார்கள், நடுவரும் கூடவே நின்றார்.

குருமாரை ஆளுவதற்கு எழுதிய எந்த விதியைக் காட்டிலும் இந்தப் பதிவு முறை எனக்குப் பெரியதாகப் படுகிறது. தீர்ப்பு என்னவோ தொனாத்து தரப்புக்கு எதிராகப் போனது, அதன்பின் வந்த அடக்குமுறையும் கடுமையானது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் தோற்றவர் பேசிய பேச்சு அவர் பேசியபடியே நம் கைக்கு வந்திருக்கிறது.


வடகரை:

குறிஞ்சி சொன்ன அதே ஆப்பிரிக்கச் சபையிலிருந்து ஒன்று சொல்கிறேன். என் முந்தைய கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டே சொல்கிறேன்.

சிக்கா என்ற ஊரில் அப்பியாரியுஸ் என்று ஒரு குரு. அவருடைய ஆயர் அவரைச் சபை நீக்கம் செய்தார். அவர் நேராக ரோமுக்குப் போய் முறையிட்டார். திருத்தந்தை சோசிமுஸ், இப்படிப்பட்ட முறையீட்டைக் கேட்க நிசேயா விதிகள் இடம் தருகின்றன என்று தூதர்களை அனுப்பினார். ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் பிரதியைப் புரட்டினார்கள். அப்படி ஒரு விதி அதில் இல்லை.

அங்கே அவர்கள் செய்ததைப் பாருங்கள். ரோமைப் பொய்யன் என்று சொல்லவில்லை, தலையாட்டிவிடவும் இல்லை. 419-ல் கார்த்தேஜில் கூடி, உண்மைப் பிரதி கிழக்கில் இருக்கும், கேட்டுப் பார்ப்போம், அதுவரை நீங்கள் சொல்வதையே கடைப்பிடிக்கிறோம் என்றார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து சிரிலும் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அத்திக்குசும் நகல் அனுப்பினார்கள். வெறும் 20 விதிதான். ரோம் காட்டியது சர்திக்கா சங்கத்தின் (343) விதி. ரோமிலிருந்த தொகுப்பில் சர்திக்கா விதிகள் நிசேயா விதிகளின் தொடர்ச்சியாகவே எழுதப்பட்டிருந்தன. தலைப்பு விட்டுப்போன ஒரு பிரதியால் ஒரு குருவின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அப்பியாரியுஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆப்பிரிக்க ஆயர்கள் திருத்தந்தை செலெஸ்தினுக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் குருக்களின் முறையீட்டை இனி இப்படி எளிதாக ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

விதி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவேன் என்றேன். எந்தப் பிரதியில், எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்றும் இனி பார்க்க வேண்டும்.


மூப்பர்மகன்:

ஆயர்களே இல்லாத சபைகளில் இது எப்படி? அங்கே மூப்பர்கள் இருப்பார்களே.


கிழக்குவாசல்:

அங்கே ஏட்டுக்கு இன்னும் கனம் அதிகம் என்பேன். ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே பொதுப் பேரவை முதலில் கூடியது 1560 டிசம்பரில். தனி ஆயர் யாரும் மேலே இல்லை என்றால், முந்தைய பேரவை என்ன தீர்மானித்தது என்ற ஏடுதான் அதிகாரம். பிற்பாடு அரசர்கள் ஆயர் முறையைத் திணித்தபோது அந்தப் பழைய ஏடுகள் கண்ணில் படாமல் போயின.

1638 நவம்பரில் கிளாஸ்கோவில் பேரவை கூடியது. எழுத்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிஸ்டன் ஜான்ஸ்டன், காணாமல் போயிருந்த பழைய பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு குழு உட்கார்ந்து சோதித்து அவை உண்மையான ஏடுகள் என்று சொன்னது. அரசரின் பிரதிநிதி ஹாமில்டன் பேரவையைக் கலைத்துவிட்டு வெளியேறினார். பேரவை கலையவில்லை. உட்கார்ந்து, ஆயர் முறையை நீக்கி, ஆயர்களையும் பதவியிறக்கியது. பழைய பேரவைகள் என்ன சொல்லியிருந்தன என்று அந்த ஏடுகளிலிருந்து வாசித்துக் காட்டித்தான் அதைச் செய்தார்கள்.

அந்த ஏடுகளின் முடிவைச் சொல்லாமல் விட மனமில்லை. 18-ம் நூற்றாண்டில் அவை லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்காட்லாந்து சபை கேட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. 1834-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பார்வையிடக் கேட்டதால் அங்கே கொண்டுபோனார்கள். அந்த அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. ஏடுகளும் எரிந்தன. இன்று நாம் வாசிப்பது முன்பே எடுத்து வைத்த நகல்களையும் பகுதிகளையும் சேர்த்து அச்சிட்டதைத்தான்.


எழுத்தாணி:

கிழக்குவாசல், அந்தக் கடைசிப் பத்தி மனதைப் பிசைந்துவிட்டது. 200 ஆண்டு ஒளித்து வைத்தும் கொண்டுபோயும் தப்பியது, பார்வையிடக் கேட்ட இடத்தில் எரிந்திருக்கிறது.

குறிஞ்சி, கார்த்தேஜ் 411 குறிப்புகள் முழுதும் இருக்கின்றனவா? அவ்வளவு பூட்டும் காவலும் போட்டதாயிற்றே.


குறிஞ்சி:

முழுதும் இல்லை எழுத்தாணி. முதல் இரண்டு நாள் பேச்சு இருக்கிறது. மூன்றாம் நாள், ஜூன் 8, பாதியில் அறுந்துவிடுகிறது. உண்மையான வாதம் சூடு பிடித்தது அன்றைக்குத்தான். ஆனால் பிற்காலத்தில் வாசிப்பவர் வசதிக்காக ஒருவர் மொத்தக் குறிப்புக்கும் தலைப்புப் பட்டியல் தயாரித்திருந்தார். அது தப்பிவிட்டது. அதனால் இன்னார் இன்னதற்குப் பதில் சொன்னார் என்று வரிசையாகத் தலைப்புகள் மட்டும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, கீழே பேச்சு கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்ப நம்மிடம் இருக்கும் பெரிய துணை, மூன்று நாளையும் சுருக்கி அகுஸ்தினார் எழுதியது. கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். அவர் கத்தோலிக்கத் தரப்பில் பேசிய 7 பேரில் ஒருவர்.

தொனாத்து தரப்பின் 4 காவலர்கள் காத்த பிரதி எங்கே போனது என்றுதான் நான் அடிக்கடி யோசிப்பேன்.